புனிதம் என்னும் திரை

அடையாற்றைக் கடந்து தெற்கே திருவான்மியூர் வரை செல்லும் அந்தச் சில கல் தொலைவு, தமிழகப் பெண்ணின் நூறாண்டு வரலாற்றைத் தன்னுள் அடக்கிக் கொண்டிருக்கிறது. 1917-இல் இந்திய மாதர் சங்கம் தோன்றியது அடையாற்றில். பொட்டுக்கட்டும் கொடுமையிலிருந்து தப்பி வந்த சிறுமியருக்கு அடைக்கலம் தந்த அவ்வை இல்லம் நிலைபெற்றதும் அடையாற்றில். 1935-இன் இறுதியில், பிரம்மஞான சபையின் தோட்டத்தில், மேல்குடிப் பெண்மணி ஒருவர் சதங்கை கட்டி ஆடி ஊரை வியப்பில் ஆழ்த்தியதும் அங்கேதான். அந்த ஆடற்கலையைக் கற்க வந்த மாணவ மாணவியர், 2023 மார்ச்சுத் திங்களில், தங்கள் முறையீட்டைக் கேட்பார் இல்லை என்று திருவான்மியூர் வளாகத்தில் தரையில் அமர்ந்து போராடியதும் அந்த வட்டாரத்தில்தான்.

இந்நான்கு நிகழ்ச்சிகளையும் ஒரே கயிற்றில் கோக்கும் கேள்வி ஒன்று உண்டு. புனிதம் என்று பெயர் சூட்டப்பட்ட இடத்திலே ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால், அவள் அதை யாரிடம் சொல்வாள்? சொன்னால் கேட்பவர் யார்? இந்தக் கேள்விக்கு நம் நாடு அளித்த விடைகளின் வரலாற்றைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

முதற்கண் கோயிலைக் காண்போம். விவரம் அறியாப் பருவத்துச் சிறுமிக்குக் கழுத்திலே பொட்டுக் கட்டினர். ஆண்டவனுக்கு மனைவி என்றனர். அவள் பணிக்கு ஈடாக மானிய நிலம் உண்டு என்றனர். பின்னர் அவள் வாழ்வு பெருநிலக்கிழாரின் மாளிகைக்கும் பிரபுக்களின் விருப்பத்துக்கும் உரியதாயிற்று. அவளுக்கு இழைக்கப்பட்டது கொடுமை என்று அவள் யாரிடம் முறையிடுவாள்? அர்ச்சகரிடமா? தர்மகர்த்தாவிடமா? கட்டி வைத்தவர்களே அவர்கள்தாம். வழக்கமே புனிதம் என்றான பிறகு, முறையீடு தெய்வ நிந்தனை ஆகிவிடுகிறது. இதுதான் நாம் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய பாடம்.

இந்தத் திரையைக் கிழித்தவருள் முதன்மையானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரித் தலைவர். அம்மையார் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது, பெண் ஒருத்தி, அதிலும் அந்த மரபில் வந்தவள், வகுப்பில் அமர்ந்தால் ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் கெடும் என்று கூக்குரல் எழுந்தது. எண்ணிப் பாருங்கள்! ஆணின் ஒழுக்கம் கெடுமாம். அதற்குத் தண்டனை பெண்ணுக்காம்! அவள் கல்வியை இழக்க வேண்டுமாம்! மன்னர் இடமளித்ததால் அம்மையார் படித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1926-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்தார். அடுத்து அதன் துணைத்தலைவரும் ஆனார்.

1927-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரி அவர் தீர்மானம் கொண்டுவந்தார். 1930-இல் தனி மசோதா கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் சொன்ன காரணம் என்ன? கலை அழியும் என்றனர். மரபு சாயும் என்றனர். சாத்திரம் இடம் தராது என்றனர். அந்தச் சிறுமியை அழைத்து, "அம்மா, உன் விருப்பம் என்ன?" என்று கேட்கவேண்டும் என அவர்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளியிலே தந்தை பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் அம்மையாரின் முயற்சிக்குத் துணை நின்றனர். அந்த மரபிலேயே பிறந்து அதன் கொடுமையை நேரில் கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், ஊர் ஊராகச் சென்று மேடையில் பேசினார். 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினத்தையும் எழுதினார். இத்தனைக்குப் பிறகு, 1947-இல்தான் சட்டம் முழுமை பெற்றது. முதல் தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள்! அந்த இருபது ஆண்டுகளிலும் பொட்டுகள் கட்டப்பட்டுக் கொண்டேதான் இருந்தன.

அவ்வை இல்லம் பிறந்த வரலாறும் நமக்குப் பாடம். பொட்டுக்கட்ட மறுத்து வந்த சிறுமியரைச் சாதிப் பெயர் தாங்கிய விடுதிகள் ஏற்க மறுத்தன. குற்றம் செய்தவனை ஊர் தெய்வபக்தன் என்றது; குற்றத்திலிருந்து தப்பி வந்தவளை விடுதி கறைபட்டவள் என்றது. அதனால்தான் அம்மையார் தம் இல்லத்துக் கதவையே திறந்துவிட நேர்ந்தது. இன்றும் முறையீடு செய்யும் மாணவியின் நடத்தையைத்தான் முதலில் ஆராய்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இனிக் கல்லூரிகளைக் காண்போம். கடற்கரையில் 1914-இல் தொடங்கிய இராணி மேரி கல்லூரி அரசின் கொடை. 1915-இல் வந்த மகளிர் கிறித்தவக் கல்லூரி சமயச் சபைகளின் கொடை. 1947-இல் மயிலைச் சாந்தோமில் கத்தோலிக்கக் கன்னியர் தொடங்கி, 1960-இல் கதீட்ரல் சாலைக்குப் பெயர்ந்தது ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. சிறு வயதிலேயே கைம்பெண்ணான சுப்புலட்சுமி அம்மையார், தம்மைப் போன்ற இளம் கைம்பெண்களைத் திரட்டிப் படிக்கவைத்ததும் இதே கடற்கரை ஓரத்தில்தான். சமயத்தார் திறந்த கதவுகளை நாம் மறைக்கவோ மறுக்கவோ வேண்டியதில்லை. பகுத்தறிவாளர் உண்மைக்கு அஞ்சுவதில்லை. அக்கதவுகள் வழியே வந்த பெண்கள்தாம் மருத்துவராக, ஆசிரியராக, வழக்கறிஞராக உயர்ந்தனர்.

ஆனால் கதவைத் திறந்தவர்கள் கூடவே மதிலையும் எழுப்பினர். மாலை இத்தனை மணிக்குள் திரும்பவேண்டும், இந்த உடைதான் உடுத்தவேண்டும், இன்னாரோடுதான் பேசலாம். ஆண்பிள்ளைகளின் விடுதிக்கு இத்தகைய மதில் உயரமாக எழுப்பப்பட்டதுண்டா? இல்லை. பெண்ணைக் காப்பதற்காக என்றனர். காப்பு என்ற சொல் கனிவானது, அதனாலேயே ஆபத்தானது. ஆபத்து மதிலுக்கு வெளியே இருந்து வருகிறது என்றே அது எப்போதும் எண்ணுகிறது. மதிலுக்கு உள்ளே, கரும்பலகைக்கு அருகே, மதிப்பெண் ஏட்டைக் கையில் ஏந்தியபடி ஆபத்து நின்றால் என்ன செய்வது என்று அது எண்ணுவதே இல்லை.

இங்கேதான் ஆடற்கலையின் வரலாறு நம்மை மீண்டும் அடையாற்றுக்கு அழைக்கிறது. 1935-இல் ஆடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர். 1936-இல் அவர் நிறுவிய கலைக்கழகமே கலாட்சேத்திரா. 1962-இல் அது திருவான்மியூருக்குப் பெயர்ந்தது. 1993-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியச் சிறப்புடைய நிறுவனமாயிற்று. நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகத்தின்கீழ் இயங்குவது. அது சமயக் கல்லூரி என்று பதிவு செய்யப்பட்டதன்று. ஆயினும் அங்கே கலை வழிபாடாகவும் ஆசான் குருவாகவும் போற்றப்படுவது யாவரும் அறிந்ததே.

சதிர் என்று இழித்துரைக்கப்பட்ட கலை பரதநாட்டியம் என்று உயர்த்தப்பட்டபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்கள் ஓரத்தே ஒதுக்கப்பட்டனர். கோயிலின் புனிதம் கலைக்கூடத்துக்கு இடம் பெயர்ந்தது. குருவின் பாதம் தொட்டு வணங்கும் முறை வந்தது. குருவின் சொல் மறுக்கப்படலாகாது என்ற முறை முன்பே இருந்தது. அது இன்னும் இறுகியது. நடனம் உடலால் கற்கும் கலை. தோளைத் திருத்தவும் இடையை நிமிர்த்தவும் ஆசான் கை மாணவர் மேல் படுவதுண்டு. எது திருத்தம், எது தீண்டல் என்று பதினெட்டு வயது மாணவி எப்படிச் சொல்வாள்? சொன்னால், "குருவையா சந்தேகிக்கிறாய்?" என்ற ஒரே கேள்வியில் அவள் வாய் அடைபட்டுவிடும்.

2023-இல் நடந்தது என்ன? பல ஆண்டுகளாகப் பாலியல் தொல்லை நிகழ்வதாகச் செய்தி பரவிற்று. உடலமைப்பையும் நிறத்தையும் சொல்லி இழிவுபடுத்துவதாகவும் மாணவர்கள் குற்றஞ்சாட்டினர். நிறுவனத்தின் உள்ளகக் குழு விசாரித்துக் குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்றது. தேசிய மகளிர் ஆணையம் முதலில் தலையிட்டது, பிறகு விலகிற்று. எல்லாம் முடிந்தது என்று மேலிடம் எண்ணிய வேளையில், மார்ச்சு 30 அன்று மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து அமர்ந்தனர். கல்லூரிக்கு விடுமுறை விடப்பட்டது. விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். மாணவர்கள் அசையவில்லை. மறுநாள் மாநில மகளிர் ஆணையத் தலைவர் ஏ.எஸ்.குமரி நேரில் வந்து கேட்டபோது, ஏறத்தாழ 90 முறையீடுகள் எழுத்து வடிவில் வந்து குவிந்தன. சட்டமன்றத்தில் முதலமைச்சர் நடவடிக்கை எடுக்கப்படும் என்று உறுதி கூறினார். முன்னாள் மாணவி ஒருவரின் முறையீட்டின்மேல் வழக்குப் பதிவாகி, ஏப்ரல் 3 அன்று உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். நிறுவனம் அவரை இடைநீக்கம் செய்தது. மேலும் மூன்று கலைஞர்களைப் பணியிலிருந்து விலக்கியது. ஓய்வு பெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் புதிய விசாரணைக் குழுவையும் அமைத்தது.

குற்றம் உண்டா, இல்லையா என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் பணி. அதை நாம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. நாம் கேட்பது வேறு. உள்ளே ஒரு குழு இருந்தது, விசாரணையும் நடந்தது. அதன் காதில் விழாத சொற்கள், வெளியிலிருந்து ஒருவர் வந்து அமர்ந்து கேட்டவுடன் தொண்ணூறு தாள்களாக எப்படிப் பெருகின? விடை எளிது. குழு இருந்தது, நம்பிக்கை இல்லை. தம் எதிர்காலத்தைக் கையில் வைத்திருப்பவரின் நண்பர்களிடமே அவரைப் பற்றிச் சொல்ல எந்த மாணவி துணிவாள்?

"இது கலைக்கூடத்தில் மட்டும் நடப்பது" என்றோ, "அந்த மதத்தார் கல்லூரியில் மட்டும் நடப்பது" என்றோ சொல்லிக் கைகழுவ இயலாது. 2019-இல் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், விலங்கியல் துறைக் கல்விச் சுற்றுலா ஒன்றின்போது பேராசிரியர்கள் தவறாக நடந்துகொண்டதாக மாணவியர் முறையிட்டனர். கல்லூரிக் குழு விசாரித்தது. அதை எதிர்த்துப் பேராசிரியர் ஒருவர் உயர்நீதிமன்றம் சென்றார். நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் அத்தீர்ப்பிலேயே, கிறித்தவ நிறுவனங்களைப் பற்றிப் பொதுப்படையான கண்டனம் ஒன்று இடம் பெற்றது. எதிர்ப்பு எழவே, அப்பகுதி சில நாட்களில் நீக்கப்பட்டது. நீக்கியது முறையே. ஒரு மதத்தை மட்டும் சுட்டும் விரல், மற்ற மதங்களுக்கு நற்சான்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. காவி கட்டினாலும், வெள்ளை அங்கி அணிந்தாலும், தொப்பி வைத்தாலும், கேள்வி கேட்கப்படாத அதிகாரத்தின் இயல்பு ஒன்றே.

கடல் கடந்த நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 1972-இல் 'ஒன்பதாம் தலைப்பு' என்னும் சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையத்தில் பால் வேற்றுமை காட்டலாகாது என்பது அதன் சாரம். ஆனால் சமய அமைப்பின் ஆளுகையில் உள்ள கல்லூரிக்கு, அதன் மதக் கொள்கையோடு சட்டம் முரண்படும் அளவுக்கு விலக்கும் அதிலேயே உண்டு. நம் நாட்டில் அத்தகைய விலக்கு இல்லை. சிறுபான்மையினர் கல்வி நிலையம் நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு காக்கிறது, காக்கத்தான் வேண்டும். எனினும் நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று 1958-லேயே, கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில், உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே மடமாயினும், மிஷனாயினும், அறக்கட்டளையாயினும், "இது எங்கள் சமய உள்விவகாரம்" என்று சொல்லித் தப்ப இடமில்லை.

அப்படியானால் சட்டம் என்ன சொல்கிறது? இதை ஒவ்வோர் இளைஞரும் மனப்பாடம் செய்தல் நலம். இராசத்தானத்தில் குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற ஊழியர் பன்வாரி தேவி 1992-இல் வன்கொடுமைக்கு ஆளானார். அதன் பின்விளைவாக 1997-இல் உச்சநீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகளை வகுத்தது. 1998-இல் சென்னைக் கல்லூரி மாணவி ஒருவர் தெருவில் நேர்ந்த சீண்டலால் உயிரிழக்க, தமிழக அரசு சீண்டலைத் தடுக்கும் சட்டம் இயற்றிற்று. 2013-இல் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2015-இல் பல்கலைக்கழக மானியக் குழு, உயர்கல்வி நிலையங்களுக்கெனத் தனி ஒழுங்குமுறை வகுத்தது. ஒவ்வொரு சட்டத்தின் பின்னும் ஒரு பெண்ணின் கண்ணீர் உண்டு என்பதை மறவாதீர்.

அந்த 2015 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும். தலைமை ஏற்பவர் மூத்த பெண் ஆசிரியர். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். மகளிர் நலனில் ஈடுபட்ட வெளியார் ஒருவர். வழக்கில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால், மாணவர்களால் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பேராளர்கள். துறைத்தலைவர் போன்ற உயர் பதவியாளர் குழுவில் இடம்பெறலாகாது. விசாரணை 90 நாட்களில் முடியவேண்டும். விசாரணை நடக்கும்போது, குற்றஞ்சாட்டப்பட்டவர் அம்மாணவியின் தேர்வுத் தாளைத் திருத்தாதபடி தடுக்கலாம். புகாரை மெய்ப்பிக்க இயலாமற்போனது ஒன்றே பொய்ப்புகார் ஆகாது. குழு அமைக்காத நிறுவனத்துக்கு 2013 சட்டப்படி 50,000 ரூபாய் வரை தண்டம். இவ்வளவும் ஏட்டில் உண்டு!

இன்னொன்றும் உண்டு; பலர் அறியாதது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் சுமத்தலாகாது என்று அதே ஒழுங்குமுறை கூறுகிறது. மாணவியரே பெரிதும் தாக்கப்படுகின்றனர் எனினும், மாணவர் சிலரும் மூன்றாம் பாலினத்தவரும் தாக்கப்படுவதுண்டு என்றும் அது ஒப்புக்கொள்கிறது. பால் வேற்றுமையும் பாலியல் தொல்லையும் ஒரே கொடியில் காய்த்த இரு காய்கள் என்பதை அது உணர்ந்திருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பெண்ணைப் பூட்டி வைக்கும் கல்லூரி, பகல் பதினொரு மணிக்கு அவள் சொல்லும் முறையீட்டையும் பூட்டித்தான் வைக்கும்.

சட்டத்தில் குறை இல்லையா? உண்டு. நிகழ்ந்த மூன்று திங்களுக்குள் முறையிடவேண்டும்; தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று திங்கள். மதிப்பெண்ணும், மேடை வாய்ப்பும், சான்றிதழும் ஒருவர் கையில் இருக்கும்வரை மாணவி வாய் திறக்கமாட்டாள். படிப்பு முடிந்து வெளியேறிய பிறகே துணிவு பிறக்கும். அப்போது கெடு முடிந்திருக்கும். மாணவர் கல்லூரியை விட்டு நீங்கிய நாளிலிருந்து கெடுவைக் கணக்கிடவேண்டும் என்று நாம் கேட்கிறோம். இக்கோரிக்கை மேடைதோறும் ஒலிக்கவேண்டும்.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை கோரிற்று. தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியராக அமர்த்தவேண்டும் என்றும் தீர்மானித்தது. அதிகாரம் இருக்கும் நாற்காலியில் பெண் அமரவேண்டும் என்பதே அதன் உட்பொருள். அந்தப் பணி முடியவில்லை.

இளைஞர்களே! நாளைக் காலை உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். புகார்க் குழுவினரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளனவா? வெளியார் யார்? மாணவப் பேராளர் தேர்தல் நடந்ததா? சென்ற ஆண்டு எத்தனை முறையீடுகள் வந்தன, எத்தனை முடிந்தன? கேளுங்கள். விடை வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். அதற்கும் வராவிட்டால் பத்துப் பேராய், நூறு பேராய்ச் சேர்ந்து கேளுங்கள். ஒருத்தி தனியே கேட்டால் திமிர் என்பார்கள். நூறு பேர் கேட்டால் நிர்வாகம் என்பார்கள்.

நாமும் ஆசிரியத் தொழிலில் உள்ளவரே. சாக்குக்கட்டி பிடித்த கை என்பதால் அது தூய்மையாகிவிடாது என்பதை அறிவோம். ஆசிரியருக்கு மரியாதை வேண்டும், வழிபாடு வேண்டாம். வழிபடப்படுகிறவரிடம் கணக்குக் கேட்க இயலாது. மரியாதைக்கு உரியவரிடம் கேட்கலாம். கேட்டபின்னும் மரியாதை நிற்கும். பொட்டுக்கட்டிய கோயிலின் திரையை விலக்க இருபது ஆண்டுகள் ஆயின. கல்லூரி வாயிலில் தொங்கும் திரையை விலக்கச் சட்டம் முன்னரே வந்துவிட்டது. இனி வேண்டியது அதைப் பிடித்து இழுக்கும் கைகள்தாம்.